மூணு லிட்டர் டீசல்ல பொறந்தவன்!

உங்க காலேஜ் வாசல்ல கறுப்பு கலர் 'தார்' ஒண்ணு வந்து நின்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். டீக்கடைல பாதி பஜ்ஜியோட நாலு பேர் எந்திரிச்சு வருவாங்க. ஒருத்தன் டயரைத் தட்டிப் பார்ப்பான். இன்னொருத்தன் பானெட்ல சாய்ஞ்சு போட்டோ எடுப்பான். அரை மணி நேரத்துல அது அவனோட டி.பி! வண்டி யாரோடதுன்னு அவனுக்கே தெரியாது.

நானும் சாய்ஞ்சவன்தான், மறைக்கலை. போன செமஸ்டர்ல க்ளாஸ்மேட் ஒருத்தனோட அண்ணன் புதுசா தார் எடுத்தார். ட்ரீட்டுன்னு எங்க நாலு பேரையும் ஏத்திக்கிட்டு மதுரைலேர்ந்து சிறுமலைக்குக் கிளம்பிட்டார். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, ஏ.சி., பாட்டு, பளபளன்னு தார் ரோடு. தார் ரோட்டுல தார் வண்டி, திரும்பி வர்றப்ப பின்சீட்ல சிறுமலை வாழைத்தார்! (தமிழ்ல மட்டும்தான் பாஸ் இப்படி அமையும். வண்டிக்குப் பேர் வெச்சது ராஜஸ்தான் பாலைவனத்தை நினைச்சு.)

கியருக்குப் பக்கத்துல குட்டியா இன்னொரு லிவர் இருந்துச்சு. "அண்ணே, இதை எப்பப் போடுவீங்க?"ன்னு கேட்டேன்.

"அதாடா? ஃபோர் பை ஃபோர். வாங்கி ஆறு மாசம் ஆச்சு, இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கலை. தொட்டா ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கு!"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை. ஏன்னா, அந்த லிவரோட தாத்தா எங்க ஊர்ல மாட்டுத் தொழுவத்துல நிக்குது. எங்க தாத்தா ஓட்டுன ஜீப்பு. அந்த லிவரைத் தொடலைன்னா நான் பொறந்த கதையே வேற மாதிரி ஆகியிருக்கும்.

எங்க ஊரு திருமங்கலம் தாண்டி, கரிசல் காட்டுக்குள்ள இருக்கு. பருத்தி, மக்காச்சோளம், மல்லி... வானம் பார்த்த பூமி. மெயின் ரோட்டுலேர்ந்து நாலு கிலோமீட்டர் உள்ளே போகணும். 2001-ல ஒரு அரசுத் துறை ஏலம் விட்ட ஜீப்பைத் தாத்தா எடுத்தார். எங்க பக்கம் இதை 'கண்டம் பண்ண வண்டி'ன்னு சொல்வாங்க. சர்க்கார் 'இது இனி உதவாது'ன்னு சீல் வெச்ச வண்டின்னு அர்த்தம். 1991 மாடல், மஹிந்திரா எம்.எம். 540. நாலு சக்கரமும் இழுக்கும். பருத்தி வித்த காசு, அப்பத்தாவோட ரெட்டை வடச் சங்கிலி... ரெண்டும் அதுலதான் போச்சு. அப்பத்தா ஒரு மாசம் தாத்தாகூடப் பேசலை. "சர்க்கார் வேண்டாம்னு கழிச்ச தகரத்துக்கு என் சங்கிலியா?"ங்கிறது அப்பத்தாவோட நியாயமான கேள்வி.

முதல் மாசம் வேற ஒரு காமெடி. வண்டில பழைய சர்க்கார் பெயின்ட் அப்படியே இருந்துச்சு. ராத்திரி தாத்தா வயக்காட்டுக்குப் போறப்ப ஹெட்லைட்டைப் பார்த்ததும், ஓடையோரம் சீட்டு விளையாடுற கோஷ்டி தெறிச்சு ஓடுமாம். ஜீப்புன்னாலே அப்போ போலீஸ், இல்லைன்னா தாசில்தார். ஜப்தி, தேர்தல், தடியடி... மூணுக்கும் ஊருக்குள்ள வர்ற வண்டி அது ஒண்ணுதான். ஒருத்தர் கிணத்துக்குள்ளயே இறங்கி ஒளிஞ்சிருக்கார். அப்புறம் தாத்தாவே கயிறு போட்டுத் தூக்கியிருக்கார்!

இந்த ஜீப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டினா சினிமா மாதிரி ஒரு கதை வருது. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

1940. ஐரோப்பால ஹிட்லர் படை தாறுமாறா ஓடிட்டு இருக்கு. அமெரிக்க ராணுவத்துக்கு சின்னதா, லேசா, நாலு சக்கரமும் இழுக்குற ஒரு வண்டி தேவைப்பட்டுச்சு. 135 கம்பெனிக்கு லெட்டர் போட்டாங்க. கண்டிஷன் என்ன தெரியுமா? மாதிரி வண்டி 49 நாள்ல கையில இருக்கணும்! (நாம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு வைக்கவே 49 நாள் எடுத்துக்கிற ஆளுங்க.) சரின்னு துணிஞ்சு கை தூக்கினது, திவாலாகுற நிலைல இருந்த 'பான்டம்'னு ஒரு சின்ன கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட்னு ஒரு இன்ஜினீயரைக் கூப்பிட்டாங்க. ரெண்டே நாள்ல டிராயிங் போட்டு முடிச்சார். செப்டம்பர் 23, 1940... கடைசி நாள். அன்னிக்கு வண்டியை ஓட்டிக்கிட்டே போய் ராணுவ முகாம்ல நிறுத்திட்டாங்க!

இதுக்கப்புறம் நடந்ததுதான் சோகம். 'இம்புட்டுச் சின்ன கம்பெனியால லட்சக்கணக்குல செய்ய முடியாது'ன்னு ராணுவம் அந்த டிராயிங்கை வில்லிஸ், ஃபோர்டு ரெண்டு கம்பெனிக்கும் காட்டிருச்சு. பெரிய ஆர்டர் அவங்களுக்குப் போச்சு. உலகப் போர் முடியறதுக்குள்ள 6 லட்சத்துக்கும் மேல ஜீப்பு செஞ்சாங்க. கண்டுபிடிச்ச பான்டம் செஞ்சது மூவாயிரத்துக்கும் குறைவு. அப்புறம் அவங்க ஜீப்புக்குப் பின்னாடி மாட்டுற ட்ரெய்லர் செஞ்சு பொழைச்சாங்க. லேப்ல எல்லா ரீடிங்கும் எடுத்தவன் ஒருத்தன், ரெக்கார்டுல ஃபுல் மார்க் வாங்கினவன் இன்னொருத்தன்னு உங்க பேட்ச்லயும் ஒரு கதை இருக்கும்ல? அதேதான்.

சரி, இந்தியாவுக்கு எப்படி வந்துச்சு? 1945-ல ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரான்னு அண்ணன் தம்பியும், குலாம் முகம்மதுன்னு ஒருத்தரும் சேர்ந்து இரும்பு வியாபாரத்துக்கு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. பேரு மஹிந்திரா அண்ட் முகம்மது. 1947-ல நாடு பிரிஞ்சப்ப குலாம் முகம்மது பாகிஸ்தான் போயிட்டார். அந்த நாட்டோட முதல் நிதி அமைச்சரே அவர்தான், பிற்பாடு கவர்னர் ஜெனரலாவும் ஆனார். 1948-ல கம்பெனி பேரு மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. லெட்டர்பேடுல 'எம் அண்ட் எம்'னு ஏற்கெனவே அச்சடிச்சு வெச்சிருந்ததால, அது வீணாகாம இருக்க இப்படிப் பேர் வெச்சாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. நம்ம ஊர் சிக்கனம்!

வில்லிஸ் ஜீப்பை பார்ட் பார்ட்டா கப்பல்ல கொண்டுவந்து பம்பாய்ல பூட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் லைசென்ஸ் வாங்கி இங்கேயே செஞ்சாங்க. சிஜே-3பி-ன்னு ஒரு மாடல். நெத்தி மட்டும் கொஞ்சம் உயரமா, பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல போலீஸ் ஓட்டிட்டு வர்ற ஜீப்பு மாதிரி இருக்கும். அமெரிக்கால அதை 1968-லயே நிறுத்திட்டாங்க. இங்கே அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் அதே முகத்தோட ஓடிச்சு. 1973-க்கு மேல பெட்ரோல் விலை எகிறினதும், குடம் குடமா பெட்ரோல் குடிக்கிற எஞ்சினைக் கட்டி மேய்க்க முடியலை. டீசலுக்கு மாறினாங்க. எங்க வண்டில இருக்குறது ஃபிரான்ஸ் நாட்டு பியூஜோ கம்பெனி லைசென்ஸ்ல செஞ்ச 2112 சிசி டீசல் எஞ்சின். அமெரிக்க உடம்பு, ஃபிரெஞ்சு இதயம், கரிசல் கால்!

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் மூக்குதான். ஜீப்புன்னதும் ஞாபகம் வர்ற செங்குத்துக் கோடு போட்ட முன் கிரில் இருக்கே... அது வில்லிஸ் ஐடியாவே இல்லை. ஃபோர்டுக்காரங்க ஒரே தகட்டை அச்சுல அடிச்சா செலவு கம்மின்னு கண்டுபிடிச்சது. வில்லிஸும் அதையே எடுத்துக்கிட்டாங்க. ஆனா 2018-ல மஹிந்திரா 'ராக்ஸர்'னு ஒரு வண்டியை அமெரிக்கால விட்டப்ப, ஜீப் பிராண்டைக் கையில வெச்சிருந்த ஃபியட் க்ரைஸ்லர் 'எங்க வண்டி மாதிரியே இருக்கு'ன்னு கேஸ் போட்டாங்க. 2020-ல தீர்ப்பு மஹிந்திராவுக்கு எதிரா வந்துச்சு. மூஞ்சியை மாத்தின பிறகுதான் அங்கே விக்க முடிஞ்சது. ஒரு கம்பெனி வரைஞ்சு, இன்னொரு கம்பெனி மூக்கு செஞ்சு, மூணாவது கம்பெனி பேர் வாங்கி, அப்புறம் எத்தனையோ கை மாறி... கடைசில யாரு ஒரிஜினல்னு நீங்களே சொல்லுங்க. எங்க ஊர்ல யாருக்கும் அந்தக் குழப்பம் இல்லை. மஹிந்திராவா இருந்தாலும் வேற எதுவா இருந்தாலும் அது 'சீப்பு'. வாழைப்பழச் சீப்பு மாதிரி!

கதை போதும், காட்டுக்கு வாங்க.

கரிசல் மண்ணைப் பத்தி உங்க சிவில் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்டுகிட்ட கேளுங்க. தண்ணி பட்டா உப்பும், காய்ஞ்சா வெடிக்கும். கோடைல அந்த வெடிப்புல செருப்பு மாட்டும். ஐப்பசி, கார்த்திகைல செருப்பே காணாமப் போயிரும். ஈரக் கரிசல் ஒட்ட ஆரம்பிச்சா விடாது. நடந்தா ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு கிலோ மண்ணு கூடவே வரும். மாட்டு வண்டி அச்சு வரைக்கும் இறங்கும். இந்த நாலு கிலோமீட்டர்ல மழைக் காலத்துல தாத்தா ஜீப்பு மட்டும்தான் போகும், வரும்.

ஃபோர் வீல் டிரைவ் இருந்தா எங்கேயும் போகலாம்னு நாம நினைக்கிறோம் இல்லையா? பாதிதான் உண்மை. சாதாரண வண்டில எஞ்சினோட சக்தி ரெண்டு சக்கரத்துக்குத்தான் போகுது. அந்த ரெண்டும் சேத்துல வழுக்கினா கதை முடிஞ்சது. நாலுக்கும் போனா, எங்கே பிடி இருக்கோ அந்தச் சக்கரம் தள்ளும். ரெண்டாவது லிவரை 'லோ'வுல போட்டா வேகம் பாதிக்கும் கீழே குறையும், அந்த அளவுக்கு இழுவை கூடும். ஆக்ஸிலேட்டரையே மிதிக்காம, நடக்குற வேகத்துல வண்டி உறுமிக்கிட்டு ஏறும். ஆனா பிடிங்கிறது டயர்லதான் இருக்கு. கரிசல் மண்ணு டயர் பள்ளத்தையெல்லாம் அடைச்சிருச்சுன்னா பள்ளமே இல்லாத மொட்டை டயர்தான். நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்! அதனால தாத்தா காத்தைக் கொஞ்சம் இறக்குவாராம். அகலமா அப்பி நிக்கும்ல? பழைய வண்டித் தடத்தை விட்டு விலக மாட்டாராம். பின்னாடி எப்பவும் ஒரு கட்டு பருத்தி மார் கிடக்கும். சிக்கினா சக்கரத்துக்கு அடில போட்டு மேலே ஏத்துறதுக்கு. எந்த மேனுவல்லயும் இல்லாத ஆக்சஸரி!

2021-ல தாத்தா இறந்துட்டார். அதுக்கப்புறம் ஜீப்பை யாரும் சரியாத் தொடலை. போன லீவுல தொழுவத்தை ஒதுக்குறப்ப, டேஷ்போர்டுக்கு அடிலேர்ந்து பிளாஸ்டிக் கவர்ல சுத்தின ஒரு அரைக்குயர் நோட்டு கிடைச்சது. எண்ணெய்க் கறை, சுண்ணாம்புக் கறை. தாத்தாவோட டீசல் கணக்கு. தேதி, யாரு, எங்கே, எதுக்கு, எத்தனை லிட்டர், வரவு. ஆறு கட்டம் போட்டு, அஞ்சாப்பு வரைக்கும் படிச்ச கையெழுத்து.

'பருத்தி மூட்டை - திருமங்கலம் - 3 லி.' 'ரேசன் மண்ணெண்ணெய்'. 'பொண்ணு பாக்க - பேரையூர் - வரவு 100'. 'வாத்தியார் வீடு மாத்த'. படிக்கப் படிக்க ஒரு ஊரே ஜீப்புல ஏறி இறங்குது. நடுநடுவுல ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வருது... 'பிரசவம்'. அதுக்கு நேரா 'வரவு' கட்டத்துல ஒரு கோடு. எல்லா பிரசவத்துக்கும் கோடுதான். காசு வாங்கலை.

2003 ஐப்பசில ஒரு வரி. 'பூச்சிக்கடி - திருமங்கலம் - வழியில'. அதோட நிக்குது. லிட்டர் கட்டம் காலி. எங்க பக்கம் ராத்திரில பாம்பைப் பாம்புன்னு சொல்ல மாட்டோம், பூச்சின்னுதான் சொல்வோம். அம்மாகிட்ட கேட்டேன். பதினாலு வயசுப் பையனாம். ஓடை கிட்ட ஜீப்பு வழுக்கி இறங்கி, மார் போட்டுத் தூக்குறதுக்கு இருபது நிமிஷம் ஆயிருச்சு. மெயின் ரோட்டைத் தொடுறப்பவே முடிஞ்சிருச்சு. "அந்த இருபது நிமிஷம் இல்லைன்னாலும் பொழைச்சிருப்பானான்னு தெரியாதுடா. ஆனா உங்க தாத்தா அதை விடலை"ன்னாங்க.

நோட்டுல அடுத்த வரி, எட்டு நாள் கழிச்சு: 'டயர் நாலு - புதுசு - கடன்'.

அதுக்கப்புறம் நான் ரொம்ப நேரம் நோட்டைப் புரட்டலை.

புரட்டினப்ப 2005 கார்த்திகை வந்துச்சு. அந்த வருஷம் தமிழ்நாட்டுல மழை எப்படிக் கொட்டுச்சுன்னு உங்க வீட்டுல கேட்டாலும் சொல்வாங்க. 'மருமக - திருமங்கலம் - பிரசவம் - 3 லி.' வரவுல வழக்கமான அதே கோடு. மருமகன்னா எங்கம்மா. அந்தப் பிரசவம் நான்! போக வர முப்பத்திரண்டு கிலோமீட்டர், மூணு லிட்டர் டீசல். தாத்தா எனக்காகத் தனியா ஒரு அடிக்கோடுகூடப் போடலை பாருங்க. மேல 'மாட்டுத் தீவனம்', கீழ 'பேட்டரி தண்ணி', நடுவுல நான்.

2009-க்கு அப்புறம் நோட்டுல பக்கங்கள் மெதுவாத்தான் நகருது. பிரசவம், பூச்சிக்கடி எல்லாம் அத்திபூத்தாப்புல வருது. தாத்தாவுக்கு வயசாச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. 2008 செப்டம்பர்லதான் தமிழ்நாட்டுல 108 ஆம்புலன்ஸ் ஆரம்பிச்சாங்க. அடுத்த ரெண்டு வருஷத்துல எங்க நாலு கிலோமீட்டருக்கும் தார் போட்டாச்சு. போன் பண்ணா வீட்டு வாசலுக்கே வெள்ளை வண்டி வருது. உள்ளே ஆக்ஸிஜன் இருக்கு, பக்கத்துல ஆள் இருக்கு. குலுங்காத படுக்கை! எங்க ஜீப்புல பின்னாடி எதிரும் புதிருமா ரெண்டு பலகை சீட்டு. வலில இருக்குற பொண்ணை அதுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனதை நினைச்சா, அது ஹீரோவான்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியலை. வேற வண்டி இல்லை, அதான் அது போச்சு. 'ஜீப்புக்கு வேலை இல்லாமப் போனதுதான் ஊருக்கு நடந்த நல்லது'ன்னு தாத்தாவே சொல்வாராம்.

எல்லா ஊர்லயும் அப்படி ஆகிடலை. போடி, கம்பம் பக்கம் போய் விடியக்காலைல பாருங்க. இடுக்கி ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போற பெண்கள் இன்னமும் ஜீப்புலதான் மலை ஏறுறாங்க. பத்து பேர் உக்கார்ற இடத்துல பதினஞ்சு பேர், மடியில தூக்குவாளி. அவங்ககிட்ட போய் 'ஆஃப் ரோடு அட்வெஞ்சர்'னு சொல்லிப் பாருங்க, தூக்குவாளியாலயே அடிப்பாங்க.

சரி, என் அட்வெஞ்சருக்கு வர்றேன். நோட்டைப் படிச்ச வேகத்துல ஜீப்பைக் கிளப்பியே தீருவேன்னு இறங்கினேன். ஊர் மெக்கானிக் பாய்தான் குரு. டேங்க்ல பழைய டீசலை இறக்கி, ஃபில்டர் மாத்தி, பம்புல பிடிச்சிருந்த ஏர் எடுத்து, பேட்டரி கடன் வாங்கி... மூணாவது நாள் ஹீட்டர் போட்டு, பத்து எண்ணி, சாவியைத் திருப்பினா ஒரு இருமல்... ரெண்டு இருமல்... தொழுவம் முழுக்கப் புகை! மாடு ரெண்டும் கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி. புகைலதான்னு பாய்கிட்ட சொன்னேன்.

இந்த வண்டியை ஓட்டுறது ஓட்டுறது இல்லை பாஸ், மல்லுக்கட்டு. பவர் ஸ்டீயரிங் கிடையாது. கால் சுத்து சுத்துற வரைக்கும் சக்கரத்துக்கு விஷயமே தெரியாது. பிரேக்கை அடுத்த தெரு வர்றதுக்கு முன்னாடியே நினைச்சுக்கணும். ஸ்பிரிங் பட்டை ஒவ்வொரு குழியையும் முதுகுத்தண்டுல எழுதிக் காட்டும். ஆனா மெக்கானிக்கல் படிக்கிற ஒருத்தனுக்கு இது சொர்க்கம். பானெட்டைத் தூக்கினா எல்லாமே கண்ணுக்குத் தெரியுது, கை போகுது. சேஸ் தனி, மேல பாடி தனி. நாலு செமஸ்டரா போர்டுல பார்த்த டிஃபரன்ஷியலை, படுத்துக்கிட்டு கையால சுத்தி அன்னிக்குத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன்! அடுத்த ஞாயித்துக்கிழமை க்ளாஸ் பசங்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்து, 'இப்பப் பாருடா'ன்னு கண்மாய்க்குள்ள இறக்கினேன். முந்தின நாள் மழை. லிவரை ஃபோர் வீல்ல போட்டு, லோ போட்டு, ஸ்டைலா ஒரு பார்வை பார்த்துட்டு கிளட்சை விட்டா, பின் சக்கரம் ரெண்டும் சுத்துது... முன் சக்கரம் ரெண்டும் சும்மா வேடிக்கை பார்க்குது. மிதிக்க மிதிக்க வண்டி கீழேதான் போகுது. அச்சு வரைக்கும் போயிருச்சு. ஒன்றரை மணி நேரம் கழிச்சு டிராக்டரோட வந்த பெரியவர் ஒருத்தர் முன் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு பார்த்தார். "ஏப்பா, ஹப்பைப் பூட்டலையா?"ன்னார். எங்க வண்டில முன் சக்கரத்து நடுவுல ஒரு திருகு இருக்கும். இறங்கிப் போய் கையால அதைப் பூட்டினாத்தான் முன் சக்கரத்துக்கு சக்தி போகும். மெக்கானிக்கல் மூணாம் வருஷம், எட்டு பாயின்ட் நாலு சி.ஜி.பி.ஏ! பசங்க அதை வீடியோ எடுத்து க்ரூப்ல போட்டதை நான் தனியா சொல்ல வேண்டாம்ல.

"உங்க தாத்தா தண்ணி பட்ட கண்மாய்ல வண்டியை இறக்கவே மாட்டாரு. வேலை இருந்தாத்தான் இறக்குவாரு"ன்னுட்டு, கயித்துக்குக் காசு வாங்காமப் போயிட்டார் பெரியவர்.

இப்போ பிரச்னைக்கு வர்றேன். இந்த வருஷத்தோட ஜீப்போட ஆர்.சி. முடியுது. பதினஞ்சு வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும். 2021-ல தாத்தா கடைசியாப் புதுப்பிச்சப்ப அதுக்கான ஃபீஸ் 600 ரூபாய். 2022 ஏப்ரல்லேர்ந்து அது 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, இருபது வருஷம் தாண்டின கார், ஜீப்புக்கெல்லாம் 10,000 ஆக்கிட்டாங்க. இதுக்கு மேல பசுமை வரி, இன்ஷூரன்ஸ். பிரேக், லைட், புகை எல்லாம் சரி பண்ணி இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்துற செலவு வேற. 'பழசை ஒழிங்க'ன்னு அரசாங்கம் நாசூக்கா சொல்லுது. அதுல நியாயம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் புகையை நீங்க பார்க்கலை, எங்க மாடு பார்த்துச்சு. 2020-ல வந்த தாருக்கு குளோபல் என்கேப் மோதல் சோதனைல நாலு ஸ்டார் கிடைச்சது. எங்க வண்டியை மோதினா நட்சத்திரம் எல்லாம் நம்ம கண்ணுலதான் தெரியும். சர்க்கார் வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1-லேர்ந்து ரூல் இன்னும் கறார். பதினஞ்சு வருஷம் தாண்டினா நேரா உடைக்கத்தான் அனுப்பணும்.

பசங்க ஆளுக்கொரு ஐடியா சொல்றாங்க. "பெரிய டயர் போட்டு, லைட் பார் வெச்சு, மேட் பிளாக் அடிச்சுரு மாப்ள, தார் தோத்துரும்." 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு. அதோட, புதுத் தார்ல இப்போ ஃபோர் வீல் டிரைவே இல்லாத மாடலும் 2023-லேர்ந்து விக்குது. நல்லாவே விக்குது. ரோடு போட்டாச்சு, யாருக்கு அந்த லிவர் வேணும்? தார் வாங்குறவங்களை நான் கிண்டல் பண்ணலை. செங்கல்பட்டு பக்கத்துல மஹிந்திராவோட ஆராய்ச்சி மையத்துல அதை வடிவமைச்ச டீம்ல ஒருநாள் உக்காரணும்னு எனக்கே ஆசை. அதுக்குத்தான் இன்டர்ன்ஷிப் மெயில் தட்டிக்கிட்டு இருக்கேன்.

அப்பா என்ன சொல்றார்? அப்பாவுக்கு ஜீப்பு மேல பாசமெல்லாம் கிடையாது. சின்ன வயசுல ராத்திரி ரெண்டு மணிக்கு யாராச்சும் கதவைத் தட்டினா, தாத்தாகூட எந்திரிச்சு பருத்தி மார் தூக்கிப் போட்டது அவர்தான். "உனக்கு அது கதை. எனக்கு அது தூக்கம் கெட்ட ராத்திரிடா"ன்னார் ஒருதரம். பழைய இரும்புக் கடைக்காரர் ரெண்டு தடவை வந்து எடை போட்டுப் பார்க்கிற மாதிரி சுத்திப் பார்த்துட்டுப் போயிட்டார். எஞ்சினுக்குத் தனி விலை, மத்ததெல்லாம் கிலோ கணக்கு.

கண்மாய்லேர்ந்து மீட்டு வந்த அன்னிக்கு ராத்திரி தாத்தா நோட்டை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டேன். யாரு - நானும் நாலு பேரும். எங்கே - கண்மாய். எத்தனை லிட்டர் - நாலு. வரவு - கோடு. 'எதுக்கு'ங்கிற கட்டத்துல என்ன எழுதுறதுன்னு தெரியலை. பத்து நிமிஷம் யோசிச்சிட்டு 'சும்மா'ன்னு எழுதினேன். இருபது வருஷ நோட்டுல அந்த வார்த்தை வேற எங்கேயும் இல்லை.

பத்தாயிரத்துக்கு என்ன வழின்னு அப்பாகிட்ட மெதுவா இழுத்தேன். இந்தக் கட்டுரைக்கு வர்ற காசு, டியூஷன் எடுத்த காசு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நானூறு என்கிட்ட இருக்குன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வாசலுக்குப் போயிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டு, பின் சக்கரம் ரெண்டுக்கும் பிரேக் லைனிங் என்ன விலை வரும்னு விசாரிச்சுக்கிட்டு இருந்தார்.